லங்காவியில் ஷீட் போட்ட கதை

யாராவது எனக்குச் சொல்லிக்கொடுக்க வந்தால் எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தெரியாததைச் சொல்லிக்கொடுத்தால் கோபம் வரும். தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தால் இன்னும் அதிகமாக வரும். என் பெயர் சாந்தி. பெயர் வைத்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள்.

பாடாங் செராயில் இருக்கிறேன். கூலிம் பக்கம் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் பல வருடமாகச் சமைக்கிறேன். இரண்டு ஷிப்டுக்கும் சேர்த்துப் பெரிய பெரிய சட்டியில் ஆக்க வேண்டும். சாம்பாரில் உப்பு குறைந்தால் ஆட்கள் நேராக வந்து என் முகத்துக்கு முன்னால் சொல்வார்கள். நானும் முகத்துக்கு முன்னால் பதில் சொல்வேன். அடுத்த நாள் அதே ஆள் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பான். யாருக்கும் மனசு புண்படாது. கேண்டீனை விட்டு வெளியே வந்தால்தான் பிரச்சினை.

என் மகன் தினேஷ் தனக்கு ஒரு பெண்ணைப் பார்த்துவைத்திருந்தான். பெயர் சர்மிளா. பினாங்கில் இருவருக்கும் ஒரே அலுவலகம். அவளிடம் ஒரு குறையும் இல்லை. தேடினேன், கிடைக்கவில்லை. அவளுடைய அம்மா ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. சுங்கைப் பட்டாணியில் வீடு. கணவர் இறந்துவிட்டார், வேறு பிள்ளை கிடையாது. ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன், இன்றுவரை அதுதான்.

பெண் கேட்டுப் போன அன்று டீச்சர் வீட்டில் கேசரி கொடுத்தார்கள். தட்டில் வைத்து, பக்கத்தில் முள்கரண்டி. (கேசரிக்கு முள்கரண்டி எதுக்கு? அது ஓடியா போகப் போவுது?) இரண்டு வாய் சாப்பிட்டேன். பிறகு சொன்னேன்:

"ரவையை வறுக்காம போட்டுட்டீங்க போல."

டீச்சர் பல் தெரியாமல் சிரித்தார். "நாங்க நெய் கம்மியாத்தான் சேர்ப்போம், தினேஷ் அம்மா."

"நெய் வேற, வறுக்கிறது வேற, டீச்சர்."

என் வீட்டுக்காரர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். "ஏன் மிதிக்கிறீங்க?" என்று நான் சத்தமாகவே கேட்டேன்.

அதோடு கல்யாணப் பேச்சு நின்றது. டீச்சர் திட்டியிருந்தால் நானும் திட்டி, கணக்கு அன்றே தீர்ந்திருக்கும். அவர் திட்டவில்லை. பேசாமல் இருந்தார். இரண்டு மாதம். அப்படிப்பட்ட ஆட்களை என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தினேஷ் வந்து அடுப்படி வாசலில் நின்றான்.

"அம்மா, சர்மிளா முடிவாச் சொல்லிட்டா. நீயும் டீச்சரும் ஒத்துப்போனாத்தான் தேதி வைக்கணுமாம். அவளுக்கு இருக்கிறது அம்மா ஒருத்தர்தான். அவங்களை அழ வச்சிட்டு சண்டைக்கார வீட்டுக்கு வர மாட்டேங்கிறா."

"யாரு சண்டைக்கார வீடு?"

"பாத்தியா? ஆரம்பிச்சிட்ட."

அவனும் அவளும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டிருந்தார்கள். இரண்டு அம்மாக்களையும் கூட்டிக்கொண்டு மூன்று நாள் லங்காவி. கடல், காற்று, நல்ல ஹோட்டல். பழகினால் எல்லாம் சரியாகிவிடுமாம். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "நான் வரல. எனக்கு உயிர் முக்கியம்," என்று சொல்லிவிட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

கோலக் கெடா படகுத்துறையில் தினேஷ் என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனான். "மூணே நாள்மா. வாயை மட்டும் லாக் பண்ணிக்கோ. ப்ளீஸ் லா. இது கெட்டுப்போச்சுன்னா எனக்கு வேற பொண்ணு வேணாம்." கண் சிவந்திருந்தது. முப்பது வயது ஆண்பிள்ளை. சரி என்றேன்.

முதல் நாள் முழுக்க வாயைத் திறக்கவில்லை. படகில் ஏ.சி. பிணவறை மாதிரி இருந்தது, சொல்லவில்லை. ஹோட்டல் கட்டிலில் துண்டை மடித்து அன்னப்பறவை செய்துவைத்திருந்தார்கள். துடைக்கிற துண்டுக்கு எதற்கு கழுத்து? சொல்லவில்லை. டீச்சரும் பேசவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் "உப்பு வேணுமா?" என்று கேட்டார். "வேணாம்," என்றேன். பிள்ளைகள் இரண்டும் அதைப் பார்த்து ஏதோ நல்லது நடந்துவிட்ட மாதிரி சிரித்துக்கொண்டன.

இரண்டாம் நாள் மழை. தீவு சுற்றும் படகுகள் போகாது என்றுவிட்டார்கள். ஹோட்டலில் ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. இத்தாலியச் சமையல் வகுப்பு, கையால் செய்து பழகலாம், செய்ததை அங்கேயே சாப்பிடலாம் என்று எழுதியிருந்தது. சர்மிளா குதித்தாள். நானே சமைத்து நானே சாப்பிடுவதற்கு, லீவு போட்டு, கடல் தாண்டி ஏன் வர வேண்டும்? அதைத்தானே தினமும் சம்பளத்துக்குச் செய்கிறேன்? (இதையும் சொல்லல. இதுக்கே எனக்கு ஒரு மெடல் குத்தியிருக்கணும்.)

சமையல்காரர் நிஜ இத்தாலிக்காரர். பெயர் லூக்கா. ஒல்லியாக இருந்தார். ஒல்லியான சமையல்காரனை நான் நம்புவதில்லை. அவர் ஆங்கிலத்தில் சொல்வதை காக் ரோஸ் என்ற மலாய்க்காரப் பெண் மலாயில் திருப்பிச் சொன்னார். மேசைக்கு இரண்டு பேர். தினேஷும் சர்மிளாவும் ஓடிப்போய் ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டார்கள். மற்ற மேசைகளில் வெள்ளைக்காரர்கள், தேனிலவுக்கு வந்த ஒரு மலாய் ஜோடி, இரண்டு சீனப் பெண்கள். மிச்சம் நானும் டீச்சரும்தான். இதுவும் பிள்ளைகளின் திட்டம் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

அன்று மெஷின் ஒன்று குறைந்தது. மாவைத் தேய்க்கிற மெஷினாம், எல்லாவற்றையும் இன்னும் துணி போட்டு மூடிவைத்திருந்தார்கள். லூக்கா தன் ஊரிலிருந்து கொண்டுவந்த சொந்த மெஷினை எங்கள் மேசையில் வைத்தார். ஏன் எங்களுக்கு என்று காக் ரோஸ் விளக்கினார்: "இந்த ரெண்டு அம்மாவும்தான் ரொம்ப அமைதியா இருக்காங்களாம்."

தினேஷ் அந்தப் பக்கம் திரும்பி இருமினான்.

அன்று பாஸ்தா, இத்தாலிக்காரர்களின் நூடுல்ஸ். முதலில் மாவு பிசைய வேண்டும். மாவைக் குவித்து, நடுவில் குழி செய்து, முட்டையை உடைத்து ஊற்றச் சொன்னார். டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தையும் சிவப்புப் பேனாவையும் எடுத்து எல்லாவற்றையும் எழுதினார். வாத்தியார் எந்த ஊருக்குப் போனாலும் வாத்தியார்தான். நான் பிசைந்தேன். சப்பாத்திக்கு மூட்டை மூட்டையாகப் பிசைகிற கை. லூக்கா வந்து என் மாவை ஒரு விரலால் குத்திப் பார்த்து ஏதோ புகழ்ந்தார். அதுவும் பிடிக்கவில்லை. இவர் யார் எனக்கு மார்க் போட?

அடுத்து மெஷினைப் பற்றிப் பாடம். அதில் ஒன்றை மட்டும் லூக்கா இரண்டு தடவை சொன்னார். காக் ரோஸும் இரண்டு தடவை சொன்னார். மெஷினில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. மாவு ஒட்டினால் மேலே உலர்ந்த மாவைத் தூவ வேண்டும். டீச்சர் எழுதினார்: 'மெஷினில் தண்ணீர் கூடாது.' அடியில் சிவப்புக் கோடு இரண்டு. நான் பக்கத்தில் நின்று அதைப் படித்தேன். அச்சடித்த மாதிரி கையெழுத்து.

பிறகு லூக்கா மெஷின் மேலிருந்த துணியை எடுத்தார்.

அடப்பாவி. அது ஷீட் மெஷின்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரப்பர் பாலை ஆசிட் ஊற்றித் தட்டில் உறைய வைப்பார்கள். உறைந்த கட்டியை இரண்டு இரும்பு உருளைக்கு நடுவில் விட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் அந்தப் பக்கம் தட்டையாக வரும். மடித்துத் திரும்ப விட வேண்டும். இடைவெளியைக் குறைத்துக் குறைத்து நாலைந்து தடவை. கடைசியில் துண்டு மாதிரி நீளமாக வரும். அதுதான் ஷீட். மூங்கிலில் காயப்போட்டு விற்பார்கள். ஒரு ஆள் சுற்ற வேண்டும், ஒரு ஆள் பிடிக்க வேண்டும். பன்னிரண்டு வயதிலிருந்து கல்யாணம் ஆகும்வரை மெர்போக்கில் ஒரு தவுக்கேயின் (சீன முதலாளி) சின்னத் துண்டு ரப்பர் தோட்டத்தில் நான் சுற்றினேன். அதை நினைத்து எனக்குக் கண்ணீரெல்லாம் வராது. நாற்றம் பிடித்த வேலை. உருளையில் மாட்டி நசுங்கிய விரல் நகம் இன்றும் கோணலாகத்தான் வளர்கிறது. அந்த மெஷினை மறுபடி பார்ப்பேன் என்று நான் நினைக்கவில்லை. அதுவும் குட்டியாக, பளபளவென்று, ஏப்ரன் கட்டிய வெள்ளைக்காரன் கையில்.

லூக்கா எப்படிச் சுற்றுவது என்று காட்டினார். இரண்டு விரலால் கைப்பிடியைப் பிடித்து, ஏதோ கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்தது. தள்ளு லா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, அவர் அடுத்த மேசைக்குப் போனதும் மாவை எடுத்து உருளையில் விட்டேன். காலை அகட்டி நின்று, தோளைக் கொடுத்து ஒரு சுற்றுச் சுற்றினேன்.

அந்தப் பக்கம் மாவு வெளியே வந்தது. டீச்சர் அதைப் பிடித்தார்.

பிடித்த விதம் எனக்கு உறைக்கவில்லை, அப்போது. இரண்டு உள்ளங்கையையும் விரித்து அடியில் கொடுத்து, இழுக்காமல், வருகிற வேகத்துக்குப் பின்னால் நகர்ந்து வாங்கினார். முழுசாக வந்ததும் நடுவில் ஒரு மடிப்பு. மடித்த பக்கம் முன்னால் இருக்கும்படி திருப்பி என்னிடம் தந்தார். நான் வாங்கி விட்டேன். சுற்றினேன். அவர் பிடித்தார். மடித்தார். தந்தார். பேச்சே இல்லை. நன்றாக இருந்தது, என்ன பொய் சொல்வது. எங்கள் மாவு முடிந்தது. பக்கத்து மேசைச் சீனப் பெண்கள் இரண்டு பேரும் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். "கொடுங்க இங்க," என்று அவர்கள் மாவையும் பிடுங்கிக்கொண்டேன். அடுத்து தேனிலவு ஜோடியின் மாவு. ஷீட்டுகளைத் தொங்கப்போட இடமில்லை. டீச்சர் மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்து, குச்சியைத் துடைத்து, இரண்டு நாற்காலிக்கு நடுவில் படுக்கப்போட்டார். வரிசையாக ஷீட் தொங்கியது. வெள்ளைக்காரர்கள் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள்.

தேனிலவு ஜோடியின் மாவு இளகலாக இருந்தது. உருளையில் ஒட்ட ஆரம்பித்தது. நான் நிறுத்தவில்லை. ஒட்டினால் வேகமாகச் சுற்ற வேண்டும், அதுதான் என் பழக்கம். அந்த நேரம் டீச்சர் ஒரு கையால் ஷீட்டைப் பிடித்துக்கொண்டே, இன்னொரு கையை நீட்டி, குடிக்க வைத்திருந்த ஜக்கை எடுத்து, உருளையின் மேல் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை தண்ணீரை ஊற்றினார். கண் ஷீட்டின் மேல்தான் இருந்தது. ஜக்கைப் பார்க்கவே இல்லை.

ரப்பர் ஷீட்டுக்கு அதுதான் சரி. தண்ணீர் ஊற்றிக்கொண்டே போட வேண்டும். ஒட்டாது, ஆசிட்டும் கழுவிப்போகும்.

கோதுமை மாவுக்கு அது பசை.

மூன்று சுற்றில் மெஷின் இறுகியது. நான் விடுவேனா? இரண்டு கையையும் கொடுத்து, மேசையில் முழங்காலை முட்டுக்கொடுத்துச் சுற்றினேன். டணக் என்று ஒரு சத்தம். மேசையோடு பிடித்திருந்த திருகாணி கழன்று, மெஷின் பல்டி அடித்து, தக்காளிக் குழம்புச் சட்டியில் போய் விழுந்தது. குழம்பு எழும்பி லூக்காவின் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. கைப்பிடி மட்டும் என் கையில் இருந்தது.

"ஆயேர்! சியாப்பா லெத்தாக் ஆயேர்?" என்று காக் ரோஸ் கத்தினார். யார் தண்ணீர் ஊற்றியது என்று கேள்வி. லூக்கா கத்தவில்லை. சட்டிக்குள் பார்த்துக்கொண்டு நின்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏன் பார்க்க மாட்டார்கள்? கைப்பிடி என் கையில்தானே இருக்கிறது.

"அம்மா..." என்றான் தினேஷ். அந்த ஒரு வார்த்தையில் கேசரியிலிருந்து எல்லாம் இருந்தது.

டீச்சர் வாயைத் திறக்கவில்லை. ஜக்கை மெதுவாக மேசையில் வைத்தார்.

நான் அப்போது சும்மா இருந்திருக்க வேண்டும். ஆமாம், நான்தான் என்று சொல்லியிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். என்னைப் பற்றி அவர்கள் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. ஆனால் செய்யாத தப்புக்கு யாராவது என்னைப் பார்த்தால் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறும்.

"என்னை எதுக்குடா பாக்குற? நான் சுத்துனேன், அவ்வளவுதான். தண்ணி ஊத்துனது டீச்சரு!"

"அம்மாவா?" என்றாள் சர்மிளா. நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினாள். "அத்தை, அம்மா இதுல எழுதியே வச்சிருக்காங்க. ரெண்டு கோடு போட்டு."

"எழுதுனது டீச்சர் கை. ஊத்துனது ஷீட் போட்ட கை. எனக்குத் தெரியாதா? எவ்வளவு வருசம் சுத்தியிருக்கேன்! புடிச்ச புடியைப் பாத்தியா? மடிப்பைத் திருப்பித் தந்தாங்களே, அதைப் பாத்தியா?" அப்போதுதான் எனக்கே அது முழுசாக விளங்கியது. விளங்கினதை வாய்க்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை. "டீச்சர், நீங்க எந்தத் தோட்டம்?"

"தோட்டமா?" சர்மிளா தன் அம்மாவைப் பார்த்தாள். "தாத்தா கிராணிதானே? ஆபீஸ்லதானே வேலை செஞ்சாரு?"

டீச்சர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். மாவும் தண்ணீரும் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தன. "தண்ணி நான்தான் ஊத்துனேன்," என்றார் மெதுவாக. பிறகு என் பக்கம் திரும்பினார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவர் மகளும் கேட்டதில்லை.

"ஊத்தாம? பேய் புடிச்ச மாதிரி சுத்துற. ஷீட்டு உள்ள சுருட்டிக்கிட்டுப் போவுது. நான் என்ன, கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்கவா? எங்க தவுக்கே முன்னாடி இப்படிச் சுத்தியிருந்தா ஓட ஓட வெரட்டியிருப்பாரு!"

"நான் சுத்துனது சரி! நீங்கதான் எடது பக்கம் இழுத்தீங்க. ஷீட்டு கோணலா வந்துச்சு!"

"கோணலா? எட்டு வருசம் புடிச்சேன். ஒரு ஷீட்டு கோணல்னு எவனும் திருப்பி அனுப்புனதில்ல!"

"எந்த ஊருல?"

"லூனாஸ்ல!"

"அதான் பாத்தேன். மெர்போக்ல இப்படிப் புடிச்சா சோறு போட மாட்டாங்க!"

"மெர்போக் ஷீட்டா? அதுல பாதி அழுக்கு!"

இப்படியே போனது. துடைப்பக் குச்சியில் தொங்கிய ஷீட்டுகளைக் காட்டிக் காட்டி இருவரும் கத்தினோம். வகுப்பு முழுக்க வாய் பிளந்து நின்றது. லூக்கா காக் ரோஸிடம் எதையோ கேட்டார். காவலாளியைக் கூப்பிட வேண்டுமா என்று கேட்டாராம். வேண்டாம், இரண்டு பேரும் சந்தோஷமாகத்தான் இருக்கிற மாதிரி தெரிகிறது என்று காக் ரோஸ் சொன்னாராம். பிறகு தினேஷ் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கத்தி மூச்சு வாங்கியபோது திரும்பிப் பார்த்தேன். சர்மிளாவின் ஏப்ரன் மேசையில் கிடந்தது. அவள் இல்லை. தினேஷ் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் நான் செய்தது எனக்கு உறைத்தது. ஒரு மனுஷி எத்தனையோ வருடமாக மூடிவைத்திருந்ததை, ஊர் பேர் தெரியாத ஆட்களுக்கு முன்னால், அவள் பெற்ற பெண்ணுக்கு முன்னால் போட்டு உடைத்திருக்கிறேன். எதற்காக? ஒரு நூடுல்ஸுக்காக.

லூக்கா மெஷினைக் குழம்பிலிருந்து எடுத்து ஒரு பலகையில் வைத்தார். ஒரு பிரஷும், இறைச்சியைக் குத்திச் சுடுகிற சத்தே குச்சி ஒரு கட்டும் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்து, பின்பக்க வராந்தாவைக் காட்டினார். சுத்தம் செய்துகொண்டு வாருங்கள் என்று அர்த்தம். நியாயமான மனிதர். நானாக இருந்தால் குச்சியால் அடித்திருப்பேன்.

மழையைப் பார்த்தபடி பலகையைச் சுற்றி உட்கார்ந்தோம். பல் சக்கரத்துக்குள் போன மாவு காய்ந்து சிமெண்டு மாதிரி ஆகியிருந்தது. அவர் ஒரு பக்கம் நோண்டினார், நான் ஒரு பக்கம் நோண்டினேன். குச்சியை உருளைக்குள் விட்டபடியே நான் சொன்னேன்:

"டீச்சர், வாய் தவறிடுச்சு."

"தவறல. உங்க வாய் நேராத்தான் வந்துச்சு." பழையபடி 'நீங்க' வந்துவிட்டது. அது 'நீ' என்றதைவிட அதிகமாகக் குத்தியது.

இன்னும் கொஞ்சம் நோண்டிவிட்டு அவரே பேசினார். "எங்கப்பா ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தாரு. நானும் அம்மாவும் ஷீட்டு போட்டோம். கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரங்ககிட்ட எங்க மாமியாரு கிராணி மகள்னு சொல்லிட்டாங்க. அன்னைக்கு ஒரு நாளைக்குத்தானேன்னு நானும் தலையாட்டினேன். அப்புறம் மாத்திச் சொல்ல ஒரு நாள் அமையவே இல்ல."

"நான் மட்டும் இன்னைக்குப் பேசாம இருந்திருந்தா..."

"நீங்கதான் ஊத்தினீங்கன்னு ஆகியிருக்கும்," என்றார் டீச்சர். "நானும் விட்டிருப்பேன். பழி உங்க மேல விழட்டும்னுதான் வாயை மூடிக்கிட்டு நின்னேன்."

இரண்டு மாதத்தில் இந்த மனுஷி என்னிடம் சொன்ன முதல் உண்மை அதுதான். எனக்கு அவரை அந்த நிமிஷம் பிடித்துப்போனது.

"இன்னொண்ணும் சொல்லிடுறேன்," என்றார், குச்சியை மாற்றிக்கொண்டு. "அன்னைக்குக் கேசரி நான் செய்யல. கடையில வாங்கினது. ரவையை வறுக்கலதான். நீங்க சொன்னதும் எனக்குக் கோபம் வந்துச்சு. கடைக்காரன் மேல."

நான் சிரித்த சிரிப்பில் கையில் இருந்த குச்சி உடைந்து உருளைக்குள் மாட்டிக்கொண்டது. அதை எடுக்கத் தனியாகக் கொஞ்ச நேரம் ஆனது.

காக் ரோஸ் இரண்டு தட்டில் சாப்பாடு கொண்டுவந்து வைத்தார். எங்கள் ஷீட்டை வெட்டி அவித்தது. தண்ணீர் படாத ஷீட்டெல்லாம் அருமையாக வந்திருந்ததாம். வகுப்பு முழுக்க அதைத்தான் சாப்பிட்டதாம். குழம்பு வேறு சட்டியில் புதிதாக வைத்தது. தக்காளி, பூண்டு, ஏதோ இலை. மிளகாய் கிடையாது. டீச்சர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கைப்பையைத் திறந்தார். உள்ளே ஒரு குட்டி டப்பாவில் மிளகாய்ச் சம்பல். எனக்கும் பாதி போட்டார்.

அன்று மாலை சர்மிளா தன் அம்மாவிடம் பேசவில்லை. தாத்தா ரப்பர் வெட்டியது அவளுக்குப் பெரிதில்லை. தன்னிடமே மறைத்ததுதான் கோபம். நான் தினேஷின் முகத்தைப் பார்க்காமல் படுத்தேன். எல்லாம் போச்சு, என்னால்தான் போச்சு, இனி இவன் கட்டினால் இந்த வாயைத்தான் கட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் படகில் அவள் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, தாத்தா பேராவது உண்மைதானே?"

"பேரு உண்மைதான்," என்றார் டீச்சர்.

சர்மிளா தலையை ஆட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அத்தை, எங்கம்மா சத்தம் போட்டு நான் கேட்டதே இல்ல. எங்க வீட்டுல கோபம்னா கதவை மெதுவாச் சாத்துவாங்க, அவ்வளவுதான். எதுக்குக் கோபம், யாரு மேல கோபம்னு நானாக் கண்டுபிடிக்கணும். சின்ன வயசுலேருந்து அதே வேலை. உங்க வீட்டுல இருந்தா என்ன நடக்குதுன்னாவது காதுல விழும்." ஏ.சி. குளிருக்குக் கையைத் தேய்த்துக்கொண்டாள். "தேதி பாருங்க."

தினேஷ் எதிர் இருக்கையில் தூங்குகிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தான். ஒரு கண் மட்டும் திறந்தது.

"படகுல ஏ.சி. பொணவறை மாதிரி இருக்கு," என்றேன். இரண்டு நாளாக உள்ளே வைத்திருந்தது.

"ஆமா, வரும்போதே சொல்லணும்னு இருந்தேன்," என்றார் டீச்சர்.

கல்யாணம் சுங்கைப் பட்டாணியில் நடந்தது. மேடையில் சம்பந்தியை அறிமுகப்படுத்தச் சொல்லி டீச்சர் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். "எங்க சம்பந்தி நல்லா உழைப்பாங்க, மனசுல ஒண்ணும் வச்சிக்க மாட்டாங்க," என்றார். நிறுத்தினார். "வச்சிக்கத் தெரியாது. மெஷின் பக்கம் மட்டும் விடாதீங்க." பாதி மண்டபத்துக்குப் புரியவில்லை. புரிந்த பாதி போதும். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாராவது பெரிய மனுஷத்தனமாகப் பேசினால், ஒருவர் கேட்பார்: "நீங்க எந்தத் தோட்டம்?" என் வீட்டுக்காரர் கோட்டு போட்டுக்கொண்டு வரவேற்புக்கு வந்தபோது முதலில் கேட்டவர் டீச்சர்தான்.

தினேஷ் அதே மாதிரி ஒரு மெஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறான். தீபாவளிக்கு சோமாசு மாவு தேய்க்க. நான் சுற்றுவேன், டீச்சர் பிடிப்பார். நோட்டுப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைச் சர்மிளா கிழித்து, சட்டம் போட்டு, மெஷினுக்கு நேர் மேலே சுவரில் மாட்டியிருக்கிறாள். மெஷினில் தண்ணீர் கூடாது. சிவப்புக் கோடு இரண்டு.

போன தீபாவளிக்கு மாவு கொஞ்சம் இளகிவிட்டது. உருளையில் ஒட்டியது. நான் வேகத்தைக் கூட்டினேன். டீச்சரின் இடது கை தானாக நீண்டு மேசையைத் தடவியது.

அங்கே ஜக் இல்லை. மருமகள் காலையிலேயே வீட்டில் இருந்த ஜக், குவளை, சொம்பு எல்லாவற்றையும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள்.